பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு: மரபணுத் தரவு மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில்தான் எங்கள் கணினி அறை. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மாடியில் இரண்டு கணினி, ஒரு சேமிப்புப் பெட்டி, ஒரு யுபிஎஸ், பூட்டு போட்ட ஓர் இரும்பு அலமாரி. சுற்றியுள்ள தோட்டங்களில் இனிப்பு நீர் நோய் (நீரிழிவு) ஏன் குடும்பம் குடும்பமாக வருகிறது என்று பார்க்கும் சின்ன ஆய்வு இது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்த நோய். இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். ரத்தம் எடுப்பது தாதியரின் வேலை, டிஎன்ஏவை வரிசைப்படுத்துவது வேறொரு ஆய்வுக்கூடத்தின் வேலை. வந்து சேரும் தரவைக் காப்பதும் அலசுவதும் என் பாடு.

இதே வேலைக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு வந்த அறிகுறியை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். அதற்கு முன் ஒன்று. எந்தக் கோளாறாக இருந்தாலும் மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். அது வந்த நாளிலேயே ஷா-256 செக்சம் (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்துத் தனியே குறித்துவிட்டு, படிக்க மட்டும் முடிகிற இடத்தில் வைத்துவிடுங்கள். தேடுவது, திருத்துவது எல்லாம் நகலில். அவசரத்தில் மூலத்தின் மேலேயே 'சரி' செய்து ஒரு வார வேலையைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

அறிகுறி: விரலியில் (பென் டிரைவ்) இடம் இருக்கிறது, கோப்பு ஏற மறுக்கிறது

விரலி ஃபேட்32 முறையில் இருக்கும். அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறிவிடும்.

ஏறிவிடும் என்பதற்காக ஏற்றாதீர்கள். மோட்டார் சாவியோடு தொங்கும் விரலியில் ஒரு மனிதரின் முழு மரபணுவைக் கொண்டு போவது நல்லதில்லை. முழு வட்டும் குறியாக்கம் செய்த வெளி வட்டு ஒன்று வாங்குங்கள், சில நூறு வெள்ளிதான். 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரி 30 முறை படித்த ஒரு முழு ஜீனோமின் (ஒருவரின் மொத்த டிஎன்ஏ) ஃபாஸ்ட்கியூ கோப்புகள், அதாவது இயந்திரம் தரும் மூல எழுத்துகள், சுருக்கிய பிறகும் 60 முதல் 100 ஜிபி வரை வரும். இன்னும் இறுகச் சுருக்கும் க்ராம் வடிவத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் 15 முதல் 30 ஜிபிக்குள் அடங்கும். வட்டின் அளவை இந்தக் கணக்கில் பாருங்கள், கூடவே இரண்டு நகலுக்கும் சேர்த்து.

அறிகுறி: கோப்பு வந்துவிட்டது, அலசல் பாதியில் நிற்கிறது

நூற்றுக்குத் தொண்ணூறு முறை பதிவிறக்கம் முழுதாக முடிந்திருக்காது. இங்கே மாலை மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் மின்னல் நிச்சயம், மின்சாரமும் ஒரு முறை கண் சிமிட்டும். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி இறங்க, ஒரு தடங்கலும் இல்லாமல் போனாலே நாலரை மணி நேரம் ஆகும். மதியம் தொடங்கினால் மழையில் மாட்டும். நான் இரவு பதினொரு மணிக்குத் தொடங்குவேன், அதுவும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய ஆர்சிங்க் போன்ற கருவியால் மட்டும்.

படித்த எழுத்துகளை ஜீனோமில் இடம் பொருத்தி வைக்கும் பேம் கோப்பின் கடைசியில் 28 பைட் நீளத்துக்கு ஒரு முடிவுக் குறி இருக்கும். சாம்டூல்ஸ் என்ற கருவியின் விரைவுச் சோதனை தலைப்பையும் (கோப்பின் தொடக்கக் குறிப்பு) இந்த வாலையும் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லிவிடும். நடுவயிறு கெட்டிருந்தால் அதற்குத் தெரியாது. அனுப்பியவரிடம் செக்சம் பட்டியல் கேட்டு வாங்கி ஒப்பிடுவதுதான் முழுச் சோதனை. பட்டியல் தராத கூடமாக இருந்தால், தரும்வரை பணத்தைக் கட்ட வேண்டாம் என்று எங்கள் தலைவருக்கே சொல்லியிருக்கிறேன்.

செக்சம் ஒத்துப்போயும் 'சுட்டியைப் படிக்க முடியவில்லை' என்று வந்தால் இரண்டு சில்லறைக் காரணங்கள் உண்டு. சுட்டி என்பது பெரிய கோப்புக்குள் எது எங்கே என்று காட்டும் துணைக் கோப்பு. விசிஎஃப் கோப்பை (டிஎன்ஏவில் எழுத்து மாறிய இடங்களின் பட்டியல்) யாரோ துண்டு துண்டாகச் சுருக்கும் பிஜிசிப்புக்குப் பதிலாகச் சாதாரண ஜிசிப்பால் சுருக்கியிருக்கலாம். அல்லது கோப்பு புதியதாகவும் சுட்டி பழையதாகவும் இருக்கலாம். அவிழ்த்து, மறுபடி சுருக்கி, புதுச் சுட்டி போடுங்கள்.

அறிகுறி: நீங்கள் உருவாக்காத 'ஏ' என்ற கோப்புறை முளைத்திருக்கிறது

முதல் முறை பார்த்தபோது வைரஸ் என்று நினைத்தேன். காரணம் நம் அடையாள அட்டைதான். நம் பெயர்களில் தந்தை பெயருக்கு முன்னால் அனாக் லெலாக்கி (மலாயில் மகன்), அனாக் பெரம்புவான் (மகள்) என்பதைச் சுருக்கி 'ஏ/எல்', 'ஏ/பி' என்று போடுகிறார்கள் அல்லவா? லினக்ஸில் சாய்கோடு கோப்புறையைப் பிரிக்கும் குறி. யாரோ ஒருவர் நோயாளியின் முழுப் பெயரையே கோப்புப் பெயராக வைத்து, தானாக ஓடும் ஒரு நிரலிடம் கொடுத்திருக்கிறார். நிரல் பெயரைச் சாய்கோட்டில் வெட்டி, முதல் பாதியில் ஒரு கோப்புறை திறந்து, 'எல்' என்று தொடங்கும் கோப்பை அதற்குள் போட்டுவிட்டது. இடைவெளி விட்ட இடத்திலும் வெட்டு விழுந்ததால் வெறும் 'ஏ' மிஞ்சியது.

சாய்கோட்டை அடிக்கோடாக மாற்றினால் நிரல் ஓடும். ஆனால் கோளாறு சாய்கோட்டில் இல்லை. பெயர் அங்கே வந்ததே தப்பு. முதலில் எல்லாக் கோப்புப் பெயர்களையும் ஆய்வு எண்ணுக்கு மாற்றுங்கள். அப்புறம் கோப்புக்குள்ளேயும் பாருங்கள், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பேம் கோப்பின் தலைப்பில் மாதிரியின் பெயர் தனியே பதிந்திருக்கும். எந்த நிரல் எந்தக் கோப்பின் மேல் ஓடியது என்ற வரலாறும் அங்கேயே இருக்கும், பழைய கோப்புப் பெயர்களோடு. விசிஎஃப் தலைப்பும் அப்படித்தான். வெளியே 'எஸ்எஸ்0147' என்று இருக்கும், உள்ளே முனியாண்டியும் அவர் அப்பாவும் உட்கார்ந்திருப்பார்கள். தலைப்பை மாற்றி எழுதும் கட்டளை சாம்டூல்ஸிலும் உண்டு, பிசிஎஃப்டூல்ஸிலும் உண்டு. மாற்றிய பிறகு தலைப்பை மட்டும் திரையில் கொட்டி, ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள்.

அறிகுறி: "அடையாள அட்டை எண்ணை ஹேஷ் செய்துதான் வைத்திருக்கிறோம், பயமில்லை"

ஹேஷ் என்பது ஓர் எண்ணை அரைத்து, திரும்ப எடுக்க முடியாத வேறொரு சரமாக்குவது. கணினி இங்கே பிழை எதுவும் காட்டாது. பிழை அந்த வாக்கியத்தில் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மலேசிய அடையாள அட்டை எண் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் பெரும்பாலும் 08. மிச்சம் நான்கு. நூறு ஆண்டுக்குச் சுமார் 36,525 தேதிகள். மாநிலம் தெரிந்ததுதான், சுங்கை சிப்புட் ஆய்வில் வேறென்ன இருக்கும்? கடைசி நான்கு இலக்கத்துக்கு 10,000 வாய்ப்பு. பெருக்கினால் சுமார் 365 மில்லியன். அத்தனை எண்களுக்கும் ஷா-256 போட்டுப் பார்க்க ஒரு சாதாரண மடிக்கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால், பால் தெரிந்தால் வேலை பாதியாகும். வயதும் தெரிந்தால் தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஆகவே ஆய்வு எண் என்பது சீட்டுக் குலுக்கி எடுத்த எண்ணாக இருக்க வேண்டும், அந்த ஆளிடமிருந்து பிறந்த எண்ணாக இருக்கக்கூடாது. இரண்டு தரவுத்தளங்களைப் பின்னால் இணைத்தே ஆக வேண்டும் என்றால், ரகசியச் சாவி சேர்த்துப் போடும் ஹேஷ் முறை இருக்கிறது. அந்தச் சாவி அலசுபவரின் கணினியில் இருக்கக்கூடாது. எண்ணையும் பெயரையும் சேர்க்கும் பட்டியலை எங்கள் குழுவில் ஒரு தாதி அக்காதான் வைத்திருக்கிறார். எனக்கே அது தெரியாது, தெரியவும் வேண்டாம். நானும் இதே ஊர்ப் பிள்ளை. பட்டியலில் பாதிப் பேர் எனக்கு மாமன் மச்சான் முறை.

அறிகுறி: எக்செலில் திறந்து மூடினேன், எண்கள் மாறிவிட்டன

'0147' என்பது '147' ஆகியிருக்கும். ரத்த மாதிரித் தட்டுகளில் மூன்றாம் தட்டு, இ வரிசை, ஐந்தாம் இடம் என்று '3இ05' போலக் குறித்திருந்தால், ஆங்கில எழுத்தில் அதை எக்செல் அறிவியல் குறியீடாக எடுத்துக்கொண்டு மூன்று லட்சம் ஆக்கிவிடும். மரபணுக்களின் பெயரையே அது தேதியாக மாற்றிய கதை உலகறிந்தது. செப்ட்2 என்ற மரபணு 'செப்டம்பர் 2' ஆகிப் போனது. 2016இல் வெளிவந்த ஓர் அலசல், எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாகக் காட்டியது. கடைசியில் 2020இல் பெயரிடும் குழு மரபணுவின் பெயரையே செப்டின்2 என்று மாற்றிவிட்டது. அன்று மென்பொருள் திருந்தவில்லை, மரபணு திருந்திக்கொண்டது!

எண்ணுக்கு முன்னால் எப்போதும் இரண்டு எழுத்து போடுங்கள், அந்த எழுத்தில் 'இ' வேண்டாம். பட்டியலை எக்செலில் திறக்கத்தான் வேண்டுமென்றால், இறக்குமதி செய்யும்போதே அந்த நெடுவரிசையை 'உரை' என்று சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: தேடும் மாறுபாடு ஒருவருக்கும் இல்லை, அல்லது எல்லோருக்கும் இருக்கிறது

மாறுபாடு என்பது டிஎன்ஏவில் ஓரிடத்தில் எழுத்து மாறியிருப்பது. இரண்டுமே நம்ப முடியாத விடைகள். பெரும்பாலும் ஆதார ஜீனோம் (எல்லோரும் ஒப்பிடும் பொது வரைபடம்) பதிப்பு குழம்பியிருக்கும். 2009இல் வந்த ஜிஆர்சிஎச்37, 2013 டிசம்பரில் வந்த ஜிஆர்சிஎச்38, இரண்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே மாறுபாட்டுக்கு இரண்டிலும் வெவ்வேறு முகவரி. அரிவாள் செல் மாறுபாடான ஆர்எஸ்334ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆம் குரோமோசோமில் அதன் இடம் 37இல் 5,248,232. 38இல் 5,227,002. பழைய முகவரியோடு புதிய ஊரில் தேடினால் யார் வீட்டுக் கதவையோ தட்டுவோம்.

எது எந்தப் பதிப்பு என்று கோப்புப் பெயரை நம்பாதீர்கள். தலைப்பில் முதல் குரோமோசோமின் நீளத்தைப் பாருங்கள். 249,250,621 என்றால் 37. 248,956,422 என்றால் 38. இந்த இரண்டு எண்களையும் என் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பதிப்பு ஒன்றாக இருந்தும் பொருந்தவில்லையா? ஒரு கோப்பில் குரோமோசோமின் பெயர் 'சிஎச்ஆர்1' என்றும் மற்றதில் வெறும் '1' என்றும் இருக்கும். ஒரு இடம் தள்ளிப் போகிறதா? இடங்களின் பட்டியலான பெட் கோப்பு பூஜ்யத்திலிருந்து எண்ணும், விசிஎஃப் ஒன்றிலிருந்து எண்ணும். க்ராம் கோப்பு திறக்கவே இல்லையா? அது எந்த ஆதார ஜீனோமை வைத்துச் சுருக்கப்பட்டதோ அதே கோப்பு, எழுத்துக்கு எழுத்து, உங்களிடமும் இருக்க வேண்டும். இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் உள்ளூர் நகலைக் காட்டுங்கள். பாதுகாப்புக் கணினி இணையத்தோடு சேராமல் இருப்பதுதானே முறை.

'எல்லோருக்கும் இருக்கிறது' என்ற வகைக்கு இன்னொரு காரணம் இழை திரும்புவது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதைப் படித்தோம் என்பதைப் பொறுத்து ஏ என்பது டி ஆகும், சி என்பது ஜி ஆகும். ஏ/டி மாறுபாடுகளில் இழை திரும்பியதே தெரியாது, எழுத்துகள் இரண்டும் அதேதான். ஆர்எஸ்334 இந்த வகையைச் சேர்ந்தது. போதாததற்குப் பிளிங்க் என்ற அலசல் நிரலின் பழைய பதிப்பு, அரிதான எழுத்து எதுவோ அதை முன்னால் வைக்கும், ஆதார எழுத்தை மறந்துவிடும். தெரிந்த மக்கள்தொகையின் அலைவெண்ணோடு (ஓர் எழுத்து எத்தனை பங்கு வருகிறது என்ற கணக்கு) ஒப்பிட்டு, பாதிக்கு அருகில் நிற்கும் ஏ/டி, சி/ஜி மாறுபாடுகளைக் கழித்துவிடுவது பாதுகாப்பு.

அறிகுறி: பெண் என்று எழுதியிருக்கிறது, நிரல் சந்தேகம் என்கிறது

பிளிங்க்கின் பால் சோதனை எக்ஸ் குரோமோசோமின் ஒத்த தன்மையை, அதாவது இரண்டு பிரதியிலும் ஒரே எழுத்து எவ்வளவு என்பதைப் பார்க்கிறது. மதிப்பு 0.2க்குக் கீழே பெண், 0.8க்கு மேலே ஆண். 0.97 என்று வந்தால் குழாய் மாறியிருக்கிறது அல்லது படிவத்தில் கட்டம் மாறியிருக்கிறது. அடையாள எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பட்டியல் வைத்திருப்பவரைக் கேளுங்கள். எண்ணை வாங்காதீர்கள், விடையை மட்டும் வாங்குங்கள்.

0.25, 0.3 என்று நடுவில் சில பெண்கள் நின்றால் அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். முதலில் எக்ஸின் முனையில் ஒய்யோடு பொதுவாக உள்ள பகுதியைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அதன் பிறகும் நின்றால், வீட்டில் யார் யாரைக் கட்டினார்கள் என்று யோசியுங்கள். தாய்மாமன் மகளைக் கட்டினால், பிள்ளையின் மற்ற குரோமோசோம்களில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16இல் 1. அந்தப் பிள்ளை மகளாக இருந்தால் எக்ஸில் அது 8இல் 1. தந்தைக்கு ஒரே எக்ஸ் என்பதால் அது கலையாமல் அப்படியே மகளுக்கு இறங்குகிறது. அத்தை மகளைக் கட்டினால் அந்த வழியில் எக்ஸில் பூஜ்யம், ஏனென்றால் தந்தை மகனுக்கு எக்ஸ் கொடுப்பதில்லை. மாமன் மகளா அத்தை மகளா என்பது கல்யாணப் பத்திரிகைக்கு மட்டுமல்ல, பிளிங்க்குக்கும் முக்கியம்.

இதே காரணத்தால், ஒத்த எழுத்தும் கலந்த எழுத்தும் எதிர்பார்த்த விகிதத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஹார்டி–வெயின்பெர்க் சோதனையிலும் நம் மாதிரிகள் கூடுதலாக விழும். அந்தச் சோதனை எல்லோரும் சீட்டுக் குலுக்கிக் கல்யாணம் செய்வதாக நினைத்துக்கொள்கிறது. வரம்பைத் தளர்த்துங்கள். ஆனால் எதிர்ப்பக்கம், அதாவது கலப்புத் தன்மை (இரண்டு பிரதியில் வேறு வேறு எழுத்து) அளவுக்கு மேல் இருந்தால், அது கல்யாணக் கதை அல்ல. இரண்டு பேர் ரத்தம் ஒரு குழாயில் கலந்திருக்கிறது. கலப்படச் சோதனையில் 3 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மாதிரியை நான் வைத்துக்கொள்வதில்லை.

அறிகுறி: உறவுக் கணக்கு படிவத்தோடு ஒத்துப்போகவில்லை

இந்த ஒன்றில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

கிங் என்ற நிரல் இரண்டு பேருக்கு உறவுக் கெழு கொடுக்கும், எவ்வளவு நெருங்கிய உறவு என்று காட்டும் எண் அது. 0.354க்கு மேல் என்றால் ஒரே ஆள் அல்லது இரட்டையர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: ஒரே மரத்தின் நகல்களான ஆர்ஆர்ஐஎம் 600 ரப்பர் ஒட்டுக் கன்று நட்ட காட்டில் எந்த இரண்டு பால்மரத்தை எடுத்தாலும் இந்த எண்தான் வரும். 0.177 முதல் 0.354 வரை பெற்றவர்–பிள்ளை, உடன்பிறப்பு. 0.0884 முதல் 0.177 வரை தாய்மாமன், தாத்தா, ஒருவழி உடன்பிறப்பு. 0.0442 முதல் 0.0884 வரை ஒன்றுவிட்டவர்கள்.

எங்கள் முதல் தொகுதியில் 'அண்ணன்' என்று எழுதியிருந்த பல சோடிகள் 0.06இல் வந்து நின்றன. குழாய் மாறிவிட்டது என்று கூடத்தோடு சண்டை பிடித்தோம். கூடத்தின் மேல் தப்பில்லை. சித்தப்பா மகனையும் பெரியம்மா மகனையும் நாம் அண்ணன் தம்பி என்றுதானே சொல்கிறோம்? படிவத்தில் 'உடன்பிறந்தவர்' என்ற கட்டம் இருந்தது, பதில் சொன்னவர் தமிழில் சொன்னார், எழுதியவர் அப்படியே எழுதினார். இப்போது கேள்வியை மாற்றிவிட்டோம்: "ஒரே அப்பா, ஒரே அம்மாவுக்குப் பிறந்தவரா?" அந்தச் சோடிகளில் பெரும்பாலானவை அன்றோடு தீர்ந்தன.

எண் அளவுக்கு மேல் ஏறுவதும் உண்டு. தாய்மாமனை மணந்த பெண்ணின் பிள்ளைகளுக்குள் உறவுக் கெழு 0.25க்குப் பதில் கணக்குப்படி 0.3125. பிழையென்று எண்ணிவிடாதீர்கள்.

மிச்சம் இருப்பது கனமான வகை. தந்தை–மகன் என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள், எண் பூஜ்யத்துக்கு அருகில். அப்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் குழாய் எண், தட்டில் பக்கத்துக் கிணறு (மாதிரி ஊற்றும் குழி), படிவத்தில் முன்பின் வரிசை. இரண்டு மாதிரிகள் இடம் மாறியிருந்தால் அந்த மகன் வேறொரு அப்பாவோடு 0.25இல் ஒட்டிக்கொண்டிருப்பான். அதுவும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். செத்துப்போன கூட்டாளியின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்த வீடுகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. வேறு கதைகளும் உண்டு. அது நம் ஆய்வுக் கேள்வி அல்ல. அலசலில் அந்தச் சோடியைத் 'தொடர்பு இல்லாதவர்' என்று எடுத்துக்கொண்டு தொடருங்கள். பகிரும் அட்டவணை எதிலும் 'தந்தை அல்ல' என்ற நெடுவரிசை வைக்காதீர்கள். பதிவேட்டில் குறிப்பு எழுதாதீர்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) "இதைப் பார்த்தாயா" என்று யாருக்கும் அனுப்பவே கூடாது. இப்படித் தெரியவந்தால் யாரிடமும் சொல்லமாட்டோம் என்ற வரி ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அறநெறிக் குழுவிடம் போய்ச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

அறிகுறி: முதன்மைக் கூறு வரைபடத்தில் இரண்டு மேகம்

மரபணு ஒற்றுமையை வைத்து ஒவ்வோர் ஆளையும் ஒரு புள்ளியாகக் காட்டும் படம் இது. நோயாளிகள் ஒரு மேகம், நோயில்லாதவர்கள் இன்னொரு மேகம் என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம். இரண்டு தொகுதியும் வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு இயந்திரத்தில் ஓடியிருக்கும். பின்னால் கணிதத்தால் இதைத் துடைக்க முடியாது. இரு வகையையும் ஒரே தட்டில் கலந்து வைத்து அனுப்பியிருக்க வேண்டும். மூன்றாம் நான்காம் கூறுகள் விசித்திரமாக இருந்தால் 6ஆம் குரோமோசோமில் 25 முதல் 34 மில்லியன் வரை உள்ள பகுதியை நீக்கிவிட்டுப் பாருங்கள், நோயெதிர்ப்பு மரபணுக்கள் கொத்தாக உட்கார்ந்திருக்கும் இடம் அது. ஒப்பிட ஒரு திசைகாட்டி வேண்டுமென்றால், 2015இல் நிறைவடைந்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் 2,504 பேரில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் ஒரு குழு. நம் ஆட்கள் அவர்களுக்குப் பக்கத்தில் விழாவிட்டால், கோளாறு மாதிரியில் இருக்காது, கோப்பில்தான் இருக்கும்.

அறிகுறி: வட்டு நன்றாக இருக்கிறது, திறக்க முடியவில்லை

விண்டோஸ் மீட்புச் சாவி 48 இலக்கம் கேட்கும். அது எங்கே என்றால், பூட்டிய அதே மடிக்கணினிக்குள். சிரிக்காதீர்கள், எனக்கும் நடந்தது. சாவியை அச்சடித்து உறையில் ஒட்டி, வேறு கட்டடத்தில் ஒன்று, தலைவரிடம் ஒன்று. லினக்ஸ் வட்டாக இருந்தால் குறியாக்கத் தலைப்பையும் நகலெடுத்து வையுங்கள். அந்தச் சில மெகாபைட் கெட்டால் கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை.

அறிகுறி: ஒன்றும் கெடவில்லை, ஆனால் ஒட்டுக்கடையில் ஒருவர் முடிவைப் பற்றிக் கேட்கிறார்

எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். எங்கிருந்து கசிந்தது என்று இந்த வரிசையில் பாருங்கள்: மேகச் சேமிப்பில் 'இணைப்பு உள்ள எவரும்' என்று திறந்து கிடக்கும் கோப்பு, விலகிப்போன உதவியாளரின் இன்னும் மூடாத கணக்கு, அச்சு இயந்திரத் தட்டில் விட்ட தாள், அப்புறம் நம் சொந்த வாய். கடவுச்சொல் விஷயத்தைக் குறைவாக எடைபோடாதீர்கள். 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தில், வேறு தளங்களில் திருடிய கடவுச்சொற்களை வைத்துச் சுமார் 14,000 கணக்குகளுக்குள்தான் நுழைந்தார்கள். உறவினரைக் காட்டும் வசதி வழியாக ஏறத்தாழ 6.9 மில்லியன் பேரின் விவரம் வெளியே போனது.

கசிவு எங்கேயும் இல்லையென்றால் நம் அறிக்கையைத் திறந்து பாருங்கள். "அ தோட்டம், 43 பேர், அதில் இரட்டையர் ஒரு சோடி, கால் இழந்த 61 வயது ஆண்" என்று ஓர் அட்டவணை இருந்தால், பெயர் போட வேண்டிய தேவையே இல்லை. ஊரே படித்துச் சொல்லிவிடும். ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களை நாங்கள் மூடிவிடுகிறோம், தோட்டத்தின் பெயருக்குப் பதில் மாவட்டம் போடுகிறோம், வம்சாவளிப் படத்தில் பிள்ளைகளின் வரிசையையும் பாலையும் கலைக்கிறோம். வெறும் அலைவெண் அட்டவணையிலும் ஆபத்து உண்டு. ஒருவரின் மரபணு கையில் இருந்தால், அவர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று கூட்டு அலைவெண்ணை வைத்தே சொல்லலாம் என 2008இல் காட்டினார்கள். உடனே அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் அந்த வகை அட்டவணைகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. ஒய் குரோமோசோமை வைத்துக் குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்கலாம் என்று 2013இல் காட்டினார்கள். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, அந்த வழி அவ்வளவு எளிதாகத் திறக்காது. ஆனால் இங்கே குலதெய்வம் எது என்று கேட்டாலே பாதி வழி வந்துவிடுகிறதே!

கசிவு உறுதியானால் மணி பார்த்துக் குறியுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் பெரிய பாதிப்பு தரக்கூடிய மீறலை ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அடுத்த ஏழு நாட்களுக்குள் சொல்ல வேண்டும். உடல்நலத் தகவல் அந்தச் சட்டத்தில் உணர்வுசார் தரவு. மத்திய, மாநில அரசுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதால், அரசு மருத்துவமனைத் தரவாக இருந்தால் அவர்களுடைய விதிமுறை வேறு, அதை அவர்களிடமே கேளுங்கள். அறநெறிக் குழுவுக்கு அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.

அறிகுறி: "என் ரத்தத்தை எடுத்துடுங்க, தம்பி"

போன வருடம் ஓர் அக்கா மாடிப்படி ஏறி வந்து இப்படித்தான் கேட்டார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது.

அவருடைய தரவு ஏழு இடத்தில் இருந்தது. ஃபாஸ்ட்கியூ, க்ராம், தனி விசிஎஃப், எல்லோரும் சேர்ந்த பெரிய விசிஎஃப், அதிலிருந்து செய்த பிளிங்க் கோப்பு, இரண்டு காப்பு நகல். முதல் மூன்றை அழிப்பது எளிது. சேர்த்த கோப்பிலிருந்து ஒருவரை நீக்கி மறுபடி எழுத வேண்டும், பழையதை அழிக்க வேண்டும். காப்பு நகல்தான் படுத்தியது. எஸ்எஸ்டி வட்டில் மேலெழுதினாலும் பழைய எழுத்து முழுதாகப் போனது என்று உறுதி சொல்ல முடியாது. அன்றிலிருந்து ஒவ்வொருவர் கோப்பையும் கிரிப்ட்4ஜிஎச் முறையில் தனித்தனிச் சாவியால் குறியாக்கி வைக்கிறோம். அதில் கோப்பு 64 கேபி துண்டுகளாகப் பூட்டப்படும், பூட்டின் சாவி தலைப்பில் இருக்கும். புதியவருக்குத் தர வேண்டுமானால் தலைப்பை மட்டும் மாற்றி எழுதினால் போதும். ஒருவர் விலகினால் எங்களிடம் உள்ள அவருக்கான சாவியை அழித்துவிடுகிறோம். எங்கள் வட்டுகளில் எந்த மூலையில் எந்த நகல் கிடந்தாலும் திறக்காது.

ஏற்கெனவே வெளியிட்ட கூட்டு எண்ணிக்கையிலிருந்து அவரைப் பிரித்தெடுக்க முடியாது என்று சொன்னேன். சரி என்றார். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மகனும் ஆய்வில் இருக்கிறான், அவனுடைய மரபணுவில் பாதி இவருடையது. இவரை நீக்கினாலும் அந்தப் பாதி இங்கேயே இருக்கும். கொஞ்ச நேரம் கீழே கடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது அவன் இஷ்டம். அவனையே கேளுங்க."

நீக்கிய தேதி போட்ட தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தேன். மகன் செம்பனை ஆலையில் இரவு வேலை. எழுந்திருப்பது மதியம் இரண்டு மணிக்கு என்றார். குறித்துக்கொண்டேன்.